ஒரே வயலுக்கு இரண்டு அரசுக் கணக்கு: பயிர்க் காப்பீட்டு மகசூலைச் சரிபார்ப்பது எப்படி?

டெல்டாவின் கடைமடைப் பகுதியிலிருந்து ஒரு விவசாயி விரிவாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்த்திருக்கிறோம். கடிதத்தின் சாரம் இது:

அவருக்குப் பத்து மா நிலம், அதாவது ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர். கூட்டுறவுக் கடன் சங்கம் மூலம் சம்பா நெல்லுக்குப் பிரீமியம் கட்டியிருந்தார். ஜனவரியில் கதிர் முற்றிய நேரத்தில் பெய்த மழையில் பயிர் சாய்ந்து, பாதி முளைத்துவிட்டது. வழக்கமாக மாவுக்குப் பதினோரு மூட்டை கண்டவருக்கு நான்கு மூட்டைதான் தேறியது. வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண் அலுவலரும் வயலைப் பார்த்து 60 சதவீத சேதம் என்று எழுதினார்கள். அரசின் நிவாரணமும் வந்தது. ஆனால் காப்பீட்டில் அவருடைய கிராமத்துக்கு இழப்பே இல்லை என்று முடிவாகிவிட்டது. உத்தரவாத மகசூல் (கிராமத்துச் சராசரி இதற்குக் கீழே போனால்தான் இழப்பீடு) எக்டேருக்கு 4,000 கிலோ, கிடைத்த மகசூல் 4,050 கிலோ என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்திருக்கிறது.

அவர் கேட்பவை: ஒரே அரசு எப்படி இரண்டு கணக்குச் சொல்கிறது? வி.ஏ.ஓ. ஆபீசில் உட்கார்ந்தே 4,050 என்று எழுதிவிட்டாரா? மாவட்ட சராசரியே 2,750 கிலோ என்று அரசு அறிக்கையில் இருக்கும்போது எங்கள் ஊருக்கு மட்டும் 4,050 என்பது மோசடிக்கு ஆதாரம் ஆகாதா? 72 மணி நேரத்துக்குள் ஹெல்ப்லைனில் பதிவு செய்தேன். போட்டோவும் கொள்முதல் நிலைய ரசீதும் வைத்திருக்கிறேன். வழக்கு நிற்குமா? அடுத்த வருஷம் பிரீமியமே கட்டாமல் விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் திரட்டி வைத்திருக்கும் ஆதாரங்களில் பெரும்பகுதி உங்கள் வயலைப் பற்றியது. காப்பீட்டுத் தொகையோ உங்கள் வயலைப் பார்த்து முடிவாகவில்லை. கிராமத்துச் சராசரியைப் பார்த்து முடிவானது. ஆகவே அந்த 4,050 எந்த வயலில், எந்தத் தேதியில், எந்த எடையிலிருந்து பிறந்தது என்பதைத்தான் நீங்கள் தோண்ட வேண்டும். அதைத் தோண்ட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு கணக்கு ஏன்?

வி.ஏ.ஓ.வும் வேளாண் அலுவலரும் வந்து பார்த்தது பேரிடர் நிவாரணத்துக்கான கூட்டுக் கணக்கெடுப்பு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமா என்பதை வயல் வயலாகக் கண்ணால் மதிப்பிட்டு, எக்டேருக்கு இவ்வளவு ரூபாய் என்ற விகிதத்தில் இடுபொருள் மானியம் தருவார்கள். அதில் யாரும் எதையும் அறுத்து நிறுப்பதில்லை.

காப்பீட்டு மகசூல் வருவது பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து. கிராமம் அலகாக இருக்கும் முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 சோதனைகள். ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் மனை கட்டி, அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்கிறார்கள். வி.ஏ.ஓ.வுக்கு இந்த எடையில் பங்கில்லை. அவர் எழுதுவது அடங்கல், அதாவது பரப்பு. மகசூலை எடுப்பது வேளாண், புள்ளியியல் துறைகளின் பொறுப்பு; இதற்கென அமர்த்தப்படும் பணியாளர்களும் சில இடங்களில் இருப்பார்கள். வி.ஏ.ஓ. மீது புகார் எழுதினால் அது தவறான மேசைக்குப் போய்த் தூங்கும்.

72 மணி நேரப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி வயலுக்கான இழப்பீடு ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற சிலவற்றுக்குத்தான் உண்டு. வயலில் நீர் தேங்கியதால் வரும் சேதம் நெல்லுக்கு 2018-இல் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. நீக்கப்பட்டிருந்த காலத்துப் பருவம் உங்களுடையது; உங்கள் அழைப்பு பதிவாகியும் யாரும் வயலுக்கு வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் பாதுகாப்பு உண்டு என்றாலும், மிஷின் வைத்து அறுத்து அன்றே மூட்டை கட்டுகிறவர்களுக்கு அது உதவாது.

அந்த 2,750 அரிசிக் கணக்கு

மோசடிக்கு ஆதாரம் என்று நீங்கள் நினைக்கும் ஒப்பீட்டைத் தயவுசெய்து மனுவில் எழுதிவிடாதீர்கள். புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கை நெல்லின் மகசூலை அரிசியாக மாற்றித் தருகிறது. நெல்லில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசி என்று கணக்கு. 2,750 கிலோ அரிசி என்றால் ஏறத்தாழ 4,125 கிலோ நெல். அப்படிப் பார்த்தால் உங்கள் கிராமம் மாவட்ட சராசரிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் அது நெல்லா அரிசியா, எக்டேரா ஏக்கரா, எந்த விவசாய ஆண்டு என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். அறிக்கையில் இது தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ சிறிய எழுத்தில் இருக்கும். விவசாயி படிக்க வேண்டிய அட்டவணையில் இதைப் பெரிய எழுத்தில் போட்டால் எத்தனையோ வீண் சண்டைகள் குறையும்.

25 சதுர மீட்டரில் என்னவெல்லாம் பிசகும்

இனி உங்கள் பக்கம் வலுவாக இருக்கக்கூடிய இடத்துக்கு வருவோம்.

மனையின் பரப்பு 25 சதுர மீட்டர். எக்டேருக்கு மாற்ற எடையை 400-ஆல் பெருக்குவார்கள். மனைக்குப் பத்து கிலோ நெல் என்றால் எக்டேருக்கு 4,000. இப்போது உங்கள் இரண்டு எண்களைப் பாருங்கள். 4,050-க்கும் 4,000-க்கும் உள்ள 50 கிலோ வித்தியாசம் மனையளவில் 125 கிராம். நான்கு சோதனைகளில் ஏதோ ஒன்றில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தால் உங்கள் கிராமம் இழப்புப் பட்டியலுக்குள் வந்திருக்கும். அந்த அளவு மெல்லிய கோட்டில் நிற்கிறது இந்த முடிவு.

யாரும் தப்பு செய்யாமலே இந்த எண் தவறலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒரே ஊரில் இருக்கும்போது மகசூல் வயலுக்கு வயல் சராசரியைச் சுற்றி 30 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். நான்கே சோதனையின் சராசரியில் அப்போது 15 சதவீதப் பிழை சாதாரணம். மெய்யான மகசூல் 4,000 என்றால் சோதனை பெரும்பாலும் 3,400-க்கும் 4,600-க்கும் இடையே விழும். மூன்றில் ஒரு முறை அதையும் தாண்டும். பக்கத்துக் கிராமத்துக்குக் கிடைத்து உங்களுக்குக் கிடைக்காததற்கு இதுவே போதும். இவ்வளவு சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு 50 கிலோ வித்தியாசத்தில் ஒரு ஊரின் பணத்தை நிறுத்துவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய விதி அதை அனுமதிக்கிறது. விதி மீறப்பட்ட இடம் எது என்று தேடினால்தான் உங்களுக்கு வழி பிறக்கும். பெரும்பாலும் அது கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

வயல் மாறுவது முதலாவது. எந்தப் புல எண், எந்த உட்பிரிவு என்பதை அறுவடைக்கு முன்பே தற்செயல் எண் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிஷின் கிடைத்த அன்று அறுத்துவிடுவது இப்போது வழக்கம். பணியாளர் வருவதற்குள் தேர்வான வயல் தாளாக நிற்கும். மாற்று வயல் எடுக்க முறை உண்டு என்றாலும், அவசரத்தில் ரோட்டோரத்தில் நன்றாக நிற்கும் வயலில் முளை அடிப்பது நடக்கக்கூடியது. வெள்ள ஆண்டில் இது இன்னும் மோசம். அழுகிப்போன வயலை "அறுக்க ஒன்றுமில்லை" என்று விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனால் சராசரி தானாக ஏறும். விதைத்த பரப்பு கணக்கில் இருக்கும்போது அந்த வயல் சுழியம் என்றே பதிவாக வேண்டும்.

அடுத்தது ஈரம். மழைக்குப் பின் அறுத்த நெல்லில் 24 சதவீத ஈரம் சர்வ சாதாரணம். பத்து கிலோ ஈர நெல்லில் காய்ந்த சத்து 7.6 கிலோதான். அதை 14 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் 8.84 கிலோ நிற்கும். மனைக்கு 1.16 கிலோ என்றால் எக்டேருக்கு 465 கிலோ வெறும் தண்ணீர். அதனால்தான் காயவைத்து மறுபடி நிறுத்துக் கழிவு போட வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் 4,050 அப்படிக் கழிக்காத ஈர எடை என்று தெரியவந்தால், காய்ந்த மகசூல் ஏறத்தாழ 3,580, இழப்பு 10.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்று வைத்தால் ஏக்கருக்கு 3,780 ரூபாய், உங்கள் பத்து மாவுக்கு 12,000-க்கு மேல்.

கயிறும் கவனிக்க வேண்டியது. ஒரு பக்கம் 5 மீட்டருக்குப் பதில் 5.2 ஆகிவிட்டால் மகசூல் 4 சதவீதம் கூடிக் காட்டும். மூலைக்கு மூலை 7.07 மீட்டர் இருக்கிறதா என்று பார்த்தால் மனை கோணலாக இருப்பதும் தெரிந்துவிடும். மனை எங்கே விழ வேண்டும் என்பதும் பணியாளர் இஷ்டமில்லை: வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளத்திலும் அகலத்திலும் காலடி எண்ணி, தற்செயல் எண் சொல்லும் இடத்தில் முதல் முளை.

இன்னொன்றையும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். மனையில் கையால் அறுத்துக் கொட்டும் மணியைக்கூடப் பொறுக்குகிறார்கள். சாய்ந்த வயலில் மிஷின் ஓட்டும்போது சேற்றோடு போகும் நெல் அந்தக் கணக்கில் இழப்பாக வராது. முளைத்த நெல்லும் கறுத்த நெல்லும் தராசில் எடை காட்டும். நீங்கள் விலையில் இழந்ததை இந்தச் சோதனை அளப்பதே இல்லை. அதனால் உங்கள் மூட்டைக் கணக்கும் சோதனைக் கணக்கும் நேர்மையாக நடந்தாலும் ஒத்துப்போகாது.

ஆர்.டி.ஐ.யில் என்ன கேட்பது

அதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று. காப்பீட்டு ரசீதில் வருவாய் கிராமம், புல எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு ஐந்தும் சரியா பாருங்கள். நிலம் எந்த வருவாய் கிராமத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. நீங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல. எல்லையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இங்கே பிசகு நேர்வது உண்டு. பதிந்த சங்கமோ வங்கியோ சேவை மையமோ தவறாக ஏற்றியிருந்தால் அதற்கு அவர்களே பொறுப்பு. மகசூல் சண்டையே தேவைப்படாது.

ரசீது சரியாக இருந்தால், மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.ஐ.) கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதுங்கள். தகவல் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்தால் பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும். "ஏன் எங்களுக்கு இழப்பீடு இல்லை?" என்று கேட்காதீர்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத் தர வேண்டியது அவர்கள் கடமை. புதிதாகக் கணக்குப் போட்டோ விளக்கம் எழுதியோ தர வேண்டியதில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே நகல்களைக் கேளுங்கள்:

1. உங்கள் கிராமத்துக்குத் திட்டமிட்ட சோதனைகள், முதலில் தேர்வான புல எண்கள், மாற்றியிருந்தால் மாற்று எண்ணும் பதிவான காரணமும்.
2. ஒவ்வொரு சோதனைப் படிவமும்: தேதி, நேரம், மனை அளவு, ஈர எடை, காய்ந்த எடை அல்லது ஈரப்பதம்.
3. சோதனை விவரத்தைப் பணியாளர் ஏற்றும் போன் ஆப்பில் உள்ள பதிவு: இடக்குறியீடு, நேரத்தோடு கூடிய போட்டோக்கள்.
4. உத்தரவாத மகசூல் கணக்குத் தாள்: கடந்த 7 ஆண்டு கிராம மகசூல், அதில் எடுத்துக்கொண்ட 5 ஆண்டுகள், உத்தரவாத சதவீதம்.
5. 4,050 வந்த இறுதிக் கணக்குத் தாள். 2023 காரிஃப் முதல் நெல்லுக்குச் செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டையும் 30 சதவீத எடையோடு சேர்க்கும் முறை வந்திருக்கிறது. உங்கள் பருவத்தில் அது சேர்ந்ததா என்பதும் இதில் தெரியும்.
6. கிராமத்தில் காப்பீடு செய்த பரப்பும் அடங்கல்படி சாகுபடிப் பரப்பும்.

மற்ற விவசாயிகளின் பெயரைக் கேட்காதீர்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தனிநபர் விவரம் என்று சொல்லி மொத்த மனுவையும் தள்ளிவிட அது வழி கொடுக்கும். புல எண் போதும். எக்செல் கோப்பாக இருப்பதை அப்படியே மின்னஞ்சலில் தரும்படி எழுதுங்கள். பிரிவு 7(9) கேட்ட வடிவில் தருவதையே விதியாகச் சொல்கிறது. மங்கலான ஸ்கேன் நகலிலிருந்து எண்களைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நகல் வந்ததும் எப்படிப் படிப்பது? இடக்குறியீட்டைப் போன் மேப்பில் போட்டு அது உங்கள் கிராம எல்லைக்குள், நெல் வயலில் விழுகிறதா பாருங்கள். நான்கு சோதனைகளின் தேதியை மழை நாளோடு ஒப்பிடுங்கள்: ஊரில் பெரும்பாலோர் மழைக்குப் பின் அறுத்திருக்க, நான்கு சோதனையும் மழைக்கு முன்பே முடிந்திருந்தால் அந்த மாதிரி ஊரைக் காட்டவில்லை. ஒரே பணியாளர் ஒரே காலையில் அரைமணி இடைவெளியில் நான்கையும் முடித்ததாகப் பதிவு இருந்தால் சந்தேகப்படுங்கள். அறுத்து அடித்துத் தூற்ற அந்த நேரம் போதாது. எடைகள் எல்லாம் 10.000, 10.500 என்று மழுங்கலாக நின்றால் அதுவும் ஒரு அடையாளம். அதை மட்டுமே வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். காய்ந்த எடை கட்டம் காலியாக இருந்தால் அதுதான் உங்கள் வலுவான பிடி.

குறைதீர் குழுவா, வழக்கா?

முதலில் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழு. தனியாகப் போகாதீர்கள். கிராமத்துக்கு ஒரே எண் என்பதால் ஒரு திருத்தம் வந்தால் காப்பீடு செய்த எல்லோருக்கும் வரும். இருபது முப்பது பேர் கையெழுத்தோடு, ஒரே பக்கத்தில், "சோதனை எண் இத்தனையில் காய்ந்த எடை பதிவாகவில்லை" என்பது போல ஒவ்வொரு குறையையும் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் மாநிலக் குழு.

நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. சங்கமோ வங்கியோ பதிவில் செய்த தவறுக்கு அது நல்ல இடம். மகசூல் எண்ணையே மாற்றச் சொல்லி அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசு அறிவித்த மகசூலைத்தான் பின்பற்றினோம் என்று நிறுவனம் சொல்லிவிடும். அந்த எண்ணை எதிர்க்க வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. ஆவணத்தில் முறை மீறல் கையில் இல்லாமல் அதில் இறங்கினால் செலவுதான் மிஞ்சும். போட்டோவும் கொள்முதல் ரசீதும் வீண் இல்லை; உங்களைப்போல் முப்பது பேரின் ரசீது சேர்ந்தால் கிராம மகசூல் 4,050 ஆக இருக்க வாய்ப்பில்லை என்பதற்குத் துணை ஆதாரம் ஆகும். மெலிந்த வயல்காரர் ரசீதை மட்டும் பொறுக்கி வைக்காமல், நன்றாக விளைந்தவர் ரசீதையும் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே அதை உடைத்துவிடும்.

அடுத்த சம்பாவுக்கு

பிரீமியத்தை நிறுத்த வேண்டாம். சம்பாவுக்கு விவசாயி பங்கு 1.5 சதவீதம், 36,000 ரூபாய்த் தொகைக்கு ஏக்கருக்கு 540 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஊரே மூழ்கும் ஆண்டில் அந்த 540 உங்களைத் தாங்கும். உங்கள் வயல் மட்டும் கெடும் ஆண்டில் தாங்காது. அந்தக் கணக்கோடு கட்டுங்கள்.

சோதனையைக் கூட இருந்து பார்க்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழிகாட்டு நெறிமுறையே இடம் கொடுக்கிறது. விவசாயிகள் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை. பொங்கலுக்கு முன்பே வேளாண் விரிவாக்க மையத்தில் உங்கள் கிராமத்துக்குத் தேர்வான புல எண்களைக் கேட்டு, அந்த நாலு வயல்காரர்களிடமும் அலுவலருக்குச் சொல்லாமல் மிஷினை இறக்க வேண்டாம் என்று பேசி வையுங்கள். அன்று இரண்டு பேர் வரப்பில் நில்லுங்கள். டேப், ஈரமானி, தராசில் தெரியும் எண் மூன்றையும் போனில் எடுத்துக்கொண்டு, யாரோடும் வாக்குவாதம் செய்யாமல், படிவத்தில் அதே எண் ஏறியதா என்று மட்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் அன்றைக்கே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஆர்.டி.ஐ. மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலும் குறை இருந்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.